பிரஷர் மிஷினை வைத்து ஆர்எக்ஸ் 100 எஞ்சினைச் சோதித்தது

டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்று வருடக்கணக்கில் சும்மா நின்றுவிட்டது, இப்போது மிதித்தால் கிளம்புகிறது, ஆனால் ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் கத்திக்கொண்டே இருக்கிறது. இப்படி ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போனால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: எஞ்சினை இறக்கணும், போர் போடணும் (சிலிண்டரின் உள்சுவரைக் கடையணும்), பிஸ்டன் கிட் மாத்தணும். சில வண்டிகளுக்கு அது உண்மையாகவே தேவைப்படும். ஆனால் போருக்கும் இந்தக் கத்தலுக்கும் சம்பந்தமே இல்லாத வண்டிகளும் நிறைய இருக்கின்றன, என் கைக்கு வந்தது அப்படி ஒன்று. எஞ்சினைப் பிளக்காமல், ரத்த அழுத்தம் பார்க்கிற பம்பையும் டயலையும் வைத்து, காற்று எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்து, ஆயில் சீல் என்கிற ரப்பர் வளையம் ஒன்றை மட்டும் மாற்றினேன். மற்ற வேலைகளையும் போகிற போக்கில் சொல்கிறேன், ஆனால் இதை எழுத உட்கார்ந்ததே அந்தச் சோதனைக்காகத்தான்.

வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100, 1993ல் பதிவானது, டிஎன் 59 நம்பர். செக்கானூரணியில் இருக்கும் மாமாவுடையது. ரெண்டு பக்கமும் பால் கேன் மாட்டி ஓட்டிய வண்டி, அதனால் பின்பக்கச் சட்டத்தில் கேன் கொக்கி உரசிய தழும்பு இன்னும் இருக்கிறது. எஸ்கார்ட்ஸ் யமஹாவோடு சேர்ந்து 1985ல் கொண்டுவந்து 1996 வரை போட்ட வண்டி இது. 98 சிசி, போரும் ஸ்ட்ரோக்கும் 50க்கு 50 மி.மீ., 11 குதிரைத் திறன், எடை நூறு கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டும். புகை விதிகள் இறுகியதும் நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு நல்ல ஆர்எக்ஸ் என்றால் லட்சத்துக்கு மேல் வாய்கூசாமல் கேட்கிறார்கள். அந்த விலைக்கு வாங்கி, மறுபடி பெயின்ட் அடித்து, சைலன்சரை வெட்டிச் சத்தம் போட்டு ஓட்டுவதில் எனக்கு ஈடுபாடில்லை. தொழுவத்தில் உரச் சாக்குக்கு அடியில் கிடந்ததை ஓட வைக்க முடியுமா என்று பார்க்க மட்டும்தான் ஆசை.

மாமா சொன்னது இது: "எஞ்சினு போச்சுன்னு சொல்லிட்டாய்ங்க மாப்ள. டேங்கு நல்லாருக்கும், கழட்டி வித்தாலும் காசு வரும்." கடைசியில் பார்த்தால் நேர்மாறு. எஞ்சின் நன்றாக இருந்தது, டேங்க்தான் உள்ளே பூராவும் துரு.

நாள்பட்டு நின்ற வண்டியை எடுத்தவுடன் மிதிக்கக் கூடாது. முதலில் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான 2டி ஆயில் கொஞ்சம் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் கிக்கரைக் கையாலேயே மெதுவாக அழுத்திப் பார்த்தேன். பிஸ்டன் நகர்ந்தது, எங்கும் தடுக்கவில்லை. அடுத்து ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே குளவிக்கூடு, களிமண் வைத்துக் கட்டி வரிசையாக அறை அறையாக விட்டிருந்தது. அதே குளவியோ அதன் தங்கச்சியோ சைலன்சர் வாயிலும் ஒன்று கட்டியிருந்தது. கிராமத்தில் தொழுவத்திலோ மரத்தடியிலோ நின்ற வண்டி என்றால் இந்த ரெண்டு இடத்தையும் பார்க்காமல் வேறெதையும் தொடாதீர்கள். ஃபில்டரில் இருந்த ஸ்பாஞ்ச் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதை அப்படியே விட்டு மிதித்திருந்தால் மண்ணும் ஸ்பாஞ்ச் தூளும் நேராகப் போருக்குள் போயிருக்கும், அப்புறம் நிஜமாகவே பிஸ்டன் கிட் வாங்க வேண்டி வந்திருக்கும்.

முதல் கேள்வி, கரன்ட் வருகிறதா? புது பிளக்கை கேப்பில் மாட்டி, பிளக்கின் உடம்பு சிலிண்டர் ஹெட்டின் உலோகத்தைத் தொடுகிற மாதிரி வைத்து, நிழலில் நின்று கிக்கரை அடித்தேன். பொறி இல்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பொறியை உண்டாக்கும் சிடிஐ பெட்டி போச்சு, காயில் போச்சு என்று பொட்டலம் கட்டி வாங்க ஆரம்பிப்பார்கள். ஆனால் யமஹாவில் கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு ஒயர் சாவி சுவிட்சுக்குப் போகும். சாவியை அணைக்கும்போது அந்த ஒயர் எர்த் ஆகி எஞ்சினை நிறுத்தும், அதுதான் அதன் வேலை. சாவி சுவிட்ச் உள்ளே மழைத் தண்ணீர் புகுந்து பச்சைக் களிம்பு பிடித்துவிட்டால் சாவி ஆன் செய்தாலும் அந்த ஒயர் எர்த் ஆகியே கிடக்கும், கரன்ட் பிளக்குக்குப் போகவே போகாது. சிடிஐ பக்கத்தில் அந்த ஒரு ஒயரை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி அடித்தேன். நீல நிறத்தில் பளிச்சென்று பொறி வந்தது. ஆக, பழுது சாவி சுவிட்சில். அதைக் கழற்றிக் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்ததும் சரியானது. இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அந்த ஒயரைக் கழற்றி வைத்திருக்கும்போது வண்டி கிளம்பிவிட்டால் சாவியை அணைத்தாலும் நிற்காது, டாப் கியரில் போட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டுத்தான் நிறுத்த வேண்டும். கூடவே, பிளக் கேப்பைத் திருகிக் கழற்றி, பிளக்குக்குக் கரன்ட் கொண்டுவரும் ஹெச்டி ஒயரின் நுனியை ஒரு கால் அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி மாட்டினேன். நுனியில் செம்பு கறுத்துப் போயிருந்தது. எலி கடித்த ஒயர்கள் பின்பக்க விளக்குக்குப் போகிறவை, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது டேங்க். துரு எடுக்கப் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். வினிகர் ஊற்றலாம், பாஸ்பாரிக் அமிலம் ஊற்றலாம், நட்டும் பழைய செயின் துண்டும் போட்டுக் குலுக்கலாம். நான் மின்சாரத்தால் எடுத்தேன், ஏனென்றால் இதில் நல்ல இரும்பு கரையாது, துரு மட்டும்தான் விடும், வெளிப் பெயின்டும் அப்படியே இருக்கும். முதலில் டேங்கைச் சோப்புத் தண்ணீர் விட்டுப் பெட்ரோல் வாடை சுத்தமாகப் போகும்வரை கழுவினேன். இதில் சோம்பல்பட்டால் உயிருக்கே ஆபத்து, காலி டேங்கில் நிற்கிற ஆவிதான் பெட்ரோலைவிட மோசம். பெட்ரோல் டேப்பைக் கழற்றி, அந்த ஓட்டையைச் சைக்கிள் டியூப் துண்டு வைத்து ஒரு தகடால் இறுக்கி அடைத்தேன். டேங்க் நிறையத் தண்ணீர், அதில் சலவைச் சோடா ரெண்டு கைப்பிடி. மூடி வாய் வழியாகக் கட்டட வேலைக்கு வாங்குகிற சாதா இரும்புக் கம்பி ஒன்றை உள்ளே தொங்கவிட்டு, டேங்க் சுவரைத் தொடாதபடி ஒரு பலகைத் துண்டில் துளை போட்டுப் பிடிக்க வைத்தேன். பேட்டரி சார்ஜரின் பிளஸ் கம்பிக்கு, மைனஸ் டேங்குக்கு. மாற்றிக் கொடுத்தால் துருப் போவதற்குப் பதில் டேங்க் கரையும். கம்பிக்குப் பதிலாக எவர்சில்வர் எதையும் போடக் கூடாது, அதிலிருக்கும் குரோமியம் கரைந்து தண்ணீர் விஷமாகிவிடும்.

சுவிட்சைப் போட்டதும் கம்பியைச் சுற்றியும் டேங்க் சுவரிலும் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும், கொஞ்ச நேரத்தில் மேலே செந்நிற நுரை கட்டும். அந்தக் குமிழியில் ஹைட்ரஜன் இருக்கிறது, அதனால் இந்த வேலையை மொட்டை மாடியில் வைத்துக்கொண்டேன். என்ன நடக்கிறது என்று பார்க்கப் பீடியும் கையுமாக மாமா மேலே ஏறி வர, வந்த வேகத்தில் கீழே அனுப்பினேன். கம்பியில் துரு அப்பிக்கொண்டே வரும், அவ்வப்போது சார்ஜரை அணைத்துவிட்டுக் கம்பியை எடுத்துச் சுரண்டிவிட்டு மறுபடி விட வேண்டும், இல்லாவிட்டால் வேலை நடக்காது. கடைசியில் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் செம்மண் நிறமெல்லாம் போய்க் கறுத்த சாம்பல் நிறத்தில் இரும்பு தெரிந்தது. தண்ணீரைக் கொட்டி, ரெண்டு மூன்று தடவை அலசி, மதுரை வெயிலில் வாயைத் திறந்து கவிழ்த்து வைத்தேன். காய்ந்தவுடன் விடக் கூடாது, வெறும் இரும்பு ஒரு மணி நேரத்திலேயே மறுபடி செம்பழுப்பாக மாற ஆரம்பிக்கும். உடனே கொஞ்சம் பெட்ரோலில் 2டி ஆயிலைத் தாராளமாகக் கலந்து உள்ளே விட்டு எல்லாப் பக்கமும் உருட்டினேன்.

டேங்க் விஷயத்தில் இவ்வளவு மெனக்கெட இன்னொரு காரணமும் உண்டு. இந்த வண்டி வந்த காலத்தில் பெட்ரோலில் ஈயம் இருந்தது, 2000ல்தான் நாடு முழுக்க அதை நிறுத்தினார்கள். இப்போது பங்க்கில் பிடிப்பதில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அளவுக்கு மீறி ஈரம் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலுமாகப் பிரிந்து டேங்கின் அடியில் போய் நிற்கும். தினமும் ஓடுகிற வண்டிக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. மாதக்கணக்கில் நிற்கிற வண்டிக்கு அடியிலிருந்து துரு பிடிக்கும். அந்தக் காலத்து ரப்பரும் இதைத் தாங்குகிற ரகம் இல்லை, ஊதிப் போகும் அல்லது வெடிக்கும். டேப்பில் இருந்த ரப்பர், பெட்ரோல் டியூப் எல்லாவற்றையும் மாற்றினேன். வண்டியை ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேப்பை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறேன்.

கார்புரேட்டர் மிகுனி விஎம் 20. பழைய பெட்ரோல் காய்ந்து தேன் நிறத்தில் பசையாகப் படிந்திருந்தது, மிதவை கிண்ணத்தின் அடியில் பச்சையாக ஒரு பொருக்கு. பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளைத் துண்டுகள்தான் ஜெட். மெயின் ஜெட் ஓட்டை கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருப்பதால் அது பெரும்பாலும் தப்பித்துவிடும், அடைப்பது எப்போதும் எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்தான். கிளீனரில் ஊறப் போட்டு, கரன்ட் ஒயரைச் சீவி அதிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை எடுத்து உள்ளே விட்டேன். ஊசி, குண்டூசி எதையும் விடக் கூடாது, ஜெட் பித்தளை, இரும்பு பட்டால் ஓட்டை பெரிதாகிவிடும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் வட்டமாக ஒளி தெரிய வேண்டும். மிதவை ஊசி மூடுகிறதா என்று டியூப் வழியாக வாயால் ஊதிப் பார்த்தேன், மூடியது. காற்றின் அளவை மாற்றும் ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி ஒன்றரைச் சுற்றுத் திறந்து வைத்தேன். அது ஆரம்ப நிலைதான், வண்டி ஓடிய பிறகு காதால் சரிசெய்ய வேண்டும். 2டி ஆயிலைத் தானாக எஞ்சினுக்கு விடும் ஆயில் பம்ப் வேலை செய்கிறதா என்று தெரியாததால் முதல் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயிலை நேராகவே கலந்துகொண்டேன்.

சோக்கைப் போட்டு மிதித்ததும் கிளம்பிவிட்டது. ஊறப்போட்ட ஆயில் எரிந்து முற்றமே புகைமண்டலம், பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். சத்தம் சுத்தமாக இருந்தது, கிராங்கில் உதறல் இல்லை. சூடானதும் சோக்கை விட்டேன். அப்போதுதான் ஆரம்பித்தது. ஒரு தடவை முறுக்கி விட்டால் ஐடிலுக்கு, அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது ஓடும் மெதுவான வேகத்துக்கு, இறங்காமல் மேலேயே நிற்கிறது, சில சமயம் கையை எடுத்த பிறகு இன்னும் ஏறுகிறது. சாவியை அணைத்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

எளிய காரணங்களை முதலில் கழித்தேன். ஆக்சிலேட்டர் கேபிள் சிக்கவில்லை, கார்புரேட்டரில் ஸ்லைடு அடிவரை உட்காருகிறது, ஐடில் ஸ்க்ரூ முழுக்கத் தளர்த்தியிருக்கிறது. சிலிண்டருக்குள் அழுத்தத்தை பிஎஸ்ஐ அளவில் காட்டும் கம்ப்ரஷன் கேஜை இரவல் வாங்கிப் பிளக் ஓட்டையில் வைத்து, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து மிதித்தால் 115 பிஎஸ்ஐ காட்டியது. இந்த அளவு வண்டியில் குத்துமதிப்பாக 100க்கு மேல் இருந்தால் போர் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். ஆக, "போர் போச்சு" என்பது கதை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை வெள்ளை வெளேரென்று இருந்தது. பெட்ரோல் கம்மி, காற்று அதிகம். கார்புரேட்டர் வழியாக வராத காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது.

இங்கே டூ ஸ்ட்ரோக் எஞ்சின் வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இதில் பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுற்றுகிற அறையே ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது அந்த அறை கார்புரேட்டரிலிருந்து கலவையை உறிஞ்சும், கீழே வரும்போது அழுத்தி மேலே தள்ளும். அந்த அறையிலிருந்து கிராங்க் ஷாஃப்ட் ரெண்டு பக்கமும் வெளியே வருகிறது: இடது பக்கம் கரன்ட் உண்டாக்கும் மேக்னெட், வலது பக்கம் கிளட்ச். ரெண்டு பக்கமும் ஷாஃப்டைச் சுற்றி ஒரு ரப்பர் ஆயில் சீல். அந்த ரப்பரின் மெல்லிய உதடு ஷாஃப்டோடு ஒட்டி நிற்பதுதான் எல்லாமே. வண்டி வருடக்கணக்கில் நின்றால் அந்த உதடு காய்ந்து விறைத்துப் போகும். வலது பக்க சீல் போனால் கியர் ஆயில் உள்ளே உறிஞ்சப்பட்டு வெள்ளைப் புகையாகத் தள்ளும், கியர் ஆயில் குறையும். இடது பக்கம் போனால் வெறும் காற்று. வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாது, கண்ணுக்கு எதுவும் தெரியாது, ஆனால் கலவையில் காற்று மிஞ்சி எஞ்சின் தானாக ஏறும். வேகமாக ஓடுகிறதே என்று சந்தோஷப்பட்டு அப்படியே ஓட்டினால் சூடு ஏறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அப்போது போர் போட்டு, பிஸ்டன் மாற்றி, சீலை மாற்றாமல் மூடிவிட்டால் புதுப் பிஸ்டனும் அதே வழியில் போகும். மாமாவிடம் எஞ்சின் போச்சு என்று சொன்னவர்கள் கேட்டதும் இந்தக் கத்தலைத்தான் என்று நினைக்கிறேன்.

கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் இன்டேக் ரப்பரைச் சுற்றி கார்ப் கிளீனர் அடித்துப் பார்த்தேன். அங்கே ஒழுகல் இருந்தால் எஞ்சின் சத்தம் மாறும், மாறவில்லை. ஆனால் மேக்னெட்டுக்குப் பின்னால் ஸ்ப்ரே சரியாகப் போகாது. எஞ்சினை அடைத்துக் காற்று ஏற்றிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. இதற்குச் சைக்கிள் பம்ப் சரிப்படாது, அதன் அழுத்தம் இந்த வேலைக்கு ரொம்ப அதிகம், ஒரே அடியில் நல்ல சீலின் உதட்டையும் பிரட்டிவிடும். தேவைப்படுவது ஆறு பிஎஸ்ஐ சுமார்தான். பிபி பார்க்கிற டயலில் கடைசி எண் 300 மி.மீ. பாதரசம், அது 5.8 பிஎஸ்ஐ. இதற்கென்றே செய்து வைத்த மாதிரி அளவு. மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே பனகல் சாலையில் சர்ஜிக்கல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒரு கடையில் கைப்பட்டை கிழிந்து ஓரமாகக் கிடந்த டயல் மாடல் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். பட்டை எனக்கு வேண்டாம், பந்தும் டயலும் ரப்பர் குழாயும் போதும். யாருக்கு உடம்பு சரியில்லை என்று கடைக்காரர் அக்கறையாக விசாரித்தார், வண்டிக்கு என்று சொன்னதும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஒரு பழைய பிளக்கை எடுத்து அதன் பீங்கானைத் தட்டி உடைத்து வெளியே எடுத்துவிட்டால் மரை போட்ட வெறும் கூடு கிடைக்கும். அதில் பித்தளை நிப்பிள் ஒன்றை அரால்டைட் வைத்து ஒட்டி, அதில் டி பீஸ் போட்டு ஒரு பக்கம் பந்து, ஒரு பக்கம் டயல். சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் வாயில் லாரி டியூப் துண்டு வைத்து, அதன் மேல் துளை போட்ட இரும்புப் பட்டையை வைத்து சைலன்சர் நட்டுகளாலேயே இறுக்கினேன். கார்புரேட்டரைக் கழற்றி இன்டேக் ரப்பருக்குள் சரியான அளவில் கடைந்த மரக்கட்டையைச் செருகி கிளாம்ப் போட்டேன். ஆயில் பம்பிலிருந்து வரும் சன்னக் குழாயையும் கிளிப் போட்டு அடைத்தாயிற்று. பிறகு பிஸ்டனை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்தேன். இது முக்கியம், பிஸ்டன் கீழே இருந்தால்தான் பக்கவாட்டு வழிகள் திறந்து, பிளக் ஓட்டையில் ஏற்றும் காற்று கிராங்க் அறைக்கும் போகும். மேலே இருந்தால் நீங்கள் ஹெட்டை மட்டும்தான் சோதிக்கிறீர்கள்.

பந்தை அமுக்க அமுக்க முள் ஏறியது. 300ஐத் தொட்டதும் விட்டேன். முள் நிற்கவே இல்லை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 250, 200, 150 என்று சீராக இறங்கியது. ஷாம்பு கலந்த தண்ணீரைப் பிரஷ்ஷால் ஹெட் ஓரம், சிலிண்டர் அடி கேஸ்கெட், இன்டேக் ரப்பர், நான் அடைத்த இடங்கள் எல்லாவற்றிலும் தடவினேன். ஒரு குமிழி இல்லை. கியர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காதை வைத்துக் கேட்டேன், வலது சீல் ஒழுகினால் அங்கே உஸ்ஸென்று சத்தமோ ஆயிலில் கொப்பளிப்போ வரும். அங்கேயும் அமைதி. மிச்சம் மேக்னெட் பக்கம்.

மேக்னெட்டைக் கழற்ற புல்லர் என்கிற திருகி இழுக்கும் கருவி வேண்டும். சுத்தியலால் தட்டி எடுக்கிறேன் என்று இறங்கினால் கிராங்க் கோணும், மேக்னெட்டும் விரிசல் விடும். தெருமுனைப் பட்டறை அண்ணனிடம் புல்லர் கேட்டேன். கையோடு வந்து பார்த்தவர், டயலையும் பந்தையும் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, எஞ்சினுக்கு பிரஷர் மாத்திரை எழுதிக் குடுக்கப் போறியா?" என்றார். ஆனால் போகவில்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மேக்னெட் வந்தது. மேக்னெட்டுக்குப் பின்னால் காயில்கள் இருக்கும் ஸ்டேட்டர் தட்டைக் கழற்றுவதற்கு முன் தட்டிலும் எஞ்சின் கேஸிலும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொண்டேன், பொறி வரும் நேரம் மாறாமல் இருக்கத் தட்டு அதே இடத்தில் திரும்ப உட்கார வேண்டும். சீல் வெளியே தெரிந்தது. மறுபடி 300 ஏற்றி சீலைச் சுற்றி ஷாம்புத் தண்ணீரைத் தடவியதும், ஷாஃப்டின் கீழ்ப்பக்கம் அரை வட்டத்துக்கு நுரை பொங்கிக் கேஸ் வழியாக வழிந்தது. அண்ணன் கிட்டே குனிந்து பார்த்தார். "இத்தனை வருசமா நாங்க காதுலயே பாத்துக்கிட்டிருக்கோம்" என்றார்.

சீலை எடுப்பதற்கு எஞ்சினைப் பிளக்கத் தேவையில்லை. சீலின் தகட்டில் எதிரெதிராக ரெண்டு சின்னத் துளை போட்டு, அதில் சிறு ஸ்க்ரூக்களை முறுக்கி, குறடால் மாற்றி மாற்றி இழுத்தால் வந்துவிடும். துளை போடும்போது டிரில் ஆழமாகப் போனால் பின்னால் இருக்கும் பேரிங்குக்குச் சேதம், ஷாஃப்டில் பட்டால் புது சீலும் ஒழுகும், அதனால் டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் கட்டுப்படுத்தினேன். எடுத்த சீலின் உதட்டை நகத்தால் தட்டினால் பிளாஸ்டிக் சத்தம் கேட்டது. ஷாஃப்டில் உதடு உரசிய இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தை ஓட்டிப் பார்த்தேன், மாட்டவில்லை.

சீலின் மேலேயே உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் அச்சிட்டிருக்கும், அதைக் காட்டி வாங்கினால் குழப்பமில்லை. விலை நூறு ரூபாய்க்குள். ஆர்எக்ஸ் என்று சொன்னால் போலி சாமான் தாராளமாகக் கிடைக்கிற காலம் இது. உதட்டின் உள்ளே சுருள் ஸ்பிரிங் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா, ரப்பர் ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று கடையிலேயே வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். நான் முதலில் கேட்ட கடையில் எடுத்துக் கொடுத்ததில் ஓரமெல்லாம் பிசிறு, அடுத்த கடைக்கு நடந்தேன். மாட்டும்போது ஸ்பிரிங் இருக்கும் பக்கம் எஞ்சினுக்கு உள்ளே பார்க்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவி, சரியான விட்டத்தில் ஒரு பிவிசி பைப் துண்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி, பழைய சீல் இருந்த ஆழத்திலேயே நிறுத்தினேன்.

மறுபடி 300 ஏற்றினேன். ஆறு நிமிடம் கழித்து முள் 270ல் நின்றது. நிமிடத்துக்கு ஒரு பிஎஸ்ஐ, அதாவது 50 மி.மீ. வரை இறங்கினால்கூடத் தேறும் என்பார்கள், அந்தக் கணக்கில் இது நல்ல தேர்ச்சி. எல்லாவற்றையும் மாட்டி மிதித்தேன். முறுக்கிவிட்டுக் கையை எடுத்தால் உடனே இறங்கி டிக் டிக்கென்று ஐடிலில் நின்றது. ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே திருப்பியதும் இன்னும் சீரானது. அண்ணன் பிரஷர் மிஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டார், நாளைக்குத் தருகிறேன் என்றார், இன்னும் வரவில்லை. புல்லர் என்னிடம்தான் இருக்கிறது, கணக்குச் சரி.

மிச்ச வேலைகளில் சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. சைலன்சரின் உள்குழாயில் கரி அடைத்திருந்தது, காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து எடுத்தேன். கை உறை இல்லாமல் இதைத் தொடாதீர்கள், அலுமினியத்தில் பட்டால் அரித்துவிடும். பிரேக் ஷூ, கேபிள்கள், செயின் செட், ஃபோர்க் சீல் எல்லாம் புதுசு. டயர் பார்க்க நல்ல பட்டையோடுதான் இருந்தது, ஆனால் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் நாலு இலக்கத்தில் கடைசி ரெண்டு 09, அதாவது 2009ல் செய்த டயர். எவ்வளவு பட்டை இருந்தாலும் அந்த ரப்பரை நம்பி ஓட்ட முடியாது, ரெண்டையும் மாற்றினேன். ஆயில் பம்பில் காற்றை வெளியேற்றி, கேபிளைச் சரிசெய்து, குழாயில் ஆயில் நகர்வதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பெட்ரோலில் கலப்பதைக் குறைத்தேன். பெயின்ட் அடிக்கவில்லை, அடிக்கப் போவதுமில்லை. ஆர்சி மட்டும் கொஞ்சம் அலைய வைத்தது. பதினைந்து வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், வண்டியை நேரில் காட்ட வேண்டும், பசுமை வரியும் உண்டு. விளக்கு, ஹாரன், இன்டிகேட்டர் எல்லாம் எரிந்தால்தான் பாஸ் ஆகும் என்பதால் எலி கடித்த ஒயர்களுக்கு அப்போது விமோசனம் கிடைத்தது.

ஓட்டிப் பார்ப்பதற்குத் தேனி ரோட்டை எடுத்தேன். நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி, உசிலம்பட்டி தாண்டினால் ஆண்டிப்பட்டி கணவாய். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முறுக்கிப் பிடித்து, அந்தச் சுமையிலேயே சாவியை அணைத்துக் கிளட்சைப் பிடித்து ஓரமாக நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். ஐடிலில் ஓடவிட்டுப் பார்க்கிற நிறம் எதையும் சொல்லாது, இழுக்கும்போது பார்க்கிற நிறம்தான் நிறம். வெள்ளை போய்விட்டது, சுக்குக்காப்பித் தூள் மாதிரி பழுப்பு. திரும்பும் வழியில் மாமா வீட்டில் நிறுத்தினேன். ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தவர் முதலில் கேட்டது கேன் மாட்டுகிற கம்பி எங்கே என்றுதான்.

வலது பக்க சீலை இன்னும் மாற்றவில்லை. சோதனையில் அது பிடித்து நிற்கிறது, ஆனால் அதற்கும் அதே வயசு. கியர் ஆயிலை அளந்து ஊற்றிக் குறித்து வைத்திருக்கிறேன். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் வடித்து மறுபடி அளப்பேன். அளவு குறைந்திருந்தாலோ, சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டாலோ கிளட்ச் பக்கத்தைத் திறக்க வேண்டியதுதான். அதற்குள் அண்ணனிடமிருந்து அந்தப் பிரஷர் மிஷினை வாங்கிவிட வேண்டும்.